தரைக்கு டைல்ஸ் பதிக்கப் போகிறீர்களா? முதன்முறை வீடு திருத்துவோருக்கு 28 குறிப்புகள்

மாத்தளைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் சிவப்புச் சீமெந்துத் தரைதான் இருக்கும். அது வெடித்து, மேற்பூச்சுக் கழன்று, மாரியில் ஈரம் கசியத் தொடங்கியதும் டைல்ஸ் பதிக்கும் எண்ணம் வருகிறது. கடையில் டைல்ஸைத் தெரிவுசெய்ய ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் அந்தத் தரை இருபது ஆண்டு நிற்குமா, இரண்டாவது மாரியிலேயே எழும்புமா என்பதை அதற்கு அடியில் கிடக்கும் மண்ணும் கொங்கிரீட்டும் ஈரமும் மட்டமுமே முடிவுசெய்கின்றன. முதன்முறை வீடு திருத்துகிறவர்கள் பலர் கண்ணில் படும் டைல்ஸுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, கண்ணில் படாத அடித்தரையில் மிச்சம் பிடிக்கிறார்கள். தயவுசெய்து முதல் பணத்தையும் முதல் கவனத்தையும் அடித்தரைக்குக் கொடுங்கள். மேசனை வைத்துச் செய்வித்தாலும், நீங்களே கைவைத்தாலும் இந்தக் குறிப்புகள் உதவும்.

தொடங்குமுன்

1. மழையைப் பார்த்து நாள் குறியுங்கள். மாத்தளைக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும். அப்போது நிலத்து ஈரம் மேலேறும். போட்ட தளம் காயாது. மணலும் நனைந்தே வரும். பெப்ரவரி, மார்ச் மாதங்கள் தரை வேலைக்கு நல்லவை. தம்புள்ளை, கலேவலைப் பக்கம் வெயில் கடுமை என்பதால் தளம் அவசரமாகக் காய்ந்து வெடிக்கும். அங்கே நனைப்பதில் கூடுதல் கவனம் வேண்டும். ரத்தோட்டை, எல்கடுவை போன்ற மலைப்பக்கங்களில் உலர்வதற்கு மேலும் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

2. திருநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். புதுத் தளத்தை நனைக்க ஒரு வாரம், உலரவிட மூன்று வாரம், பதித்து இடைவெளிகளில் கிரவுட் போட ஒரு வாரம், ஆறவிட ஒரு வாரம் என்று ஆறு வாரமாவது வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு வீடு தயாராக வேண்டுமானால் பெப்ரவரி நடுவில் தொடங்குங்கள், தீபாவளிக்கென்றால் ஆகஸ்டில். முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் தேருக்கு உறவினர் வந்து தங்கும் வீடுகளில், மழைக்குள் அவசரப்பட்டுப் பதிப்பதைவிடத் தேர் முடிந்த பின் தொடங்குவது நல்லது.

3. வெளித் தண்ணீரை முதலில் திருப்புங்கள். கூரையிலிருந்து விழும் நீரும் மேட்டுக் காணியிலிருந்து இறங்கும் நீரும் சுவரோரம் தேங்கினால், உள்ளே எந்த டைல்ஸைப் பதித்தாலும் ஈரம் வரும். பீலி பூட்டுங்கள், மேட்டுப் பக்கம் கான் கட்டி நீரைச் சுற்றி வெளியேற்றுங்கள். வெளிமுற்றம் வீட்டுத் தரையைவிடக் குறைந்தது 6 அங்குலம் தாழ்ந்திருக்கட்டும்.

4. சரிவில் உள்ள வீடானால் வெடிப்பைச் சும்மா மூடாதீர்கள். மயிரிழை போன்ற மேற்பூச்சு வெடிப்பு சாதாரணமானது. தரை ஒரு பக்கம் தாழ்வது, வெடிப்பு சுவரிலும் தொடர்ந்து மாதாமாதம் அகல்வது, கதவு திடீரெனச் சிக்குவது, மேட்டில் புதிதாக ஊற்றுக் கிளம்புவது ஆகியவை நிலம் நகர்வதன் அடையாளங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் இம்மாவட்டத்துச் சரிவுகள் பட்ட பாட்டை மறக்க முடியாது. இத்தகைய அறிகுறி கண்டால் டைல்ஸ் எண்ணத்தை நிறுத்திவிட்டு, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தினரை அழைத்துக் காட்டுங்கள். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்து, வீட்டாரை வெளியேற்றுங்கள்.

5. மேசனிடம் வேலையைப் பிரித்துப் பேசுங்கள். "சதுர அடிக்கு இவ்வளவு" என்று மட்டும் பேசினால் பின்னால் மனக்கசப்பு வரும். பழைய தரை கொத்துதல், கழிவு அகற்றுதல், தளம் போடுதல், பதித்தல், சுவரடி ஸ்கர்ட்டிங், கிரவுட் ஆகியவற்றில் எது கூலிக்குள் அடங்கும், எது அடங்காது என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் முன்பு பதித்த வீடொன்றைப் போய்ப் பாருங்கள். புதிதாகப் பதித்ததைவிட, ஓரிரு மாரி கண்ட தரையே அவர் கைத்திறனைச் சொல்லும்.

அடித்தரையைத் தயார்செய்தல்

6. தரை முழுவதும் தட்டிப் பாருங்கள். சுத்தியல் பிடியால் ஓர் அடிக்கு ஒரு தட்டு. கெட்டியான ஓசை வந்தால் நல்லது; பொள்ளென்று கேட்கும் இடங்களைச் சோக்குக் கட்டியால் வட்டமிடுங்கள். அங்கே மேற்பூச்சு அடிக் கொங்கிரீட்டை விட்டு விலகியிருக்கிறது. அதைக் கொத்தி எடுத்து நிரப்பாமல் மேலே எதையும் பதிக்கக் கூடாது. மூன்றிலொரு பங்குக்கு மேல் பொள்ளலானால் முழுப் பூச்சையும் எடுத்துவிடுவதே சிக்கனம்.

7. பொலித்தீன் வைத்து ஈரம் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பொலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி, 16 மணி நேரமாவது விடுங்கள். உள்ளே நீர்த்துளி அரும்பினாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. சமையலறை, பின்சுவரோரம், நடு அறை என மூன்று இடங்களில் செய்யுங்கள். ஈரம் கண்ட தரையை மேலும் உலரவிடுங்கள்; மழையில்லாத காலத்திலும் ஈரம் ஏறினால் அடியிலிருந்து புதுத்தளம் போட வேண்டிவரும்.

8. புதுத்தளம் என்றால் அடுக்கு முறை மாறக்கூடாது. நிரப்பிய மண்ணை 6 அங்குலத்துக்கு ஒரு தடவை நனைத்து இடித்து இறுக்குங்கள். கறையான் தொல்லையுள்ள இடத்தில் கறையான் மருந்தை இந்தக் கட்டத்திலேயே அடிக்க வேண்டும். மேலே மெல்லிய மணல் விரிப்பு, அதன்மேல் தடித்த 1000 கேஜ் பொலித்தீன். விரிப்புகள் சேருமிடத்தில் ஓர் அடி மேல்விழட்டும். சுவரோரத்தில் மேலே மடித்துவிடுங்கள். இந்த ஒரு தாள்தான் நிலத்து ஈரத்தைத் தடுக்கிறது. கிழித்துவிடாமல் அதன்மேல் 3 முதல் 4 அங்குலக் கொங்கிரீட் போடுங்கள்.

9. மணலைப் போத்தலில் சோதியுங்கள். கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல், மேலே தண்ணீர், ஒரு கரண்டி உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் சேற்றுப் படை மணல் உயரத்தில் பத்திலொரு பங்கைத் தொட்டால் அந்த மணலைக் கழுவாமல் பாவிக்காதீர்கள். சேற்று மணல் போட்ட தளம் பொடிபொடியாக உதிரும். அனுமதிப்பத்திரத்தோடு மணல் ஏற்றுகிறவரிடமே வாங்குங்கள், ஆற்றங்கரையும் நம்முடையதுதான்.

10. மேல்தளக் கலவையில் தண்ணீரைக் குறையுங்கள். கொங்கிரீட்டுக்கு மேல் வரும் தளத்துக்குச் சீமெந்து ஒரு பங்கு, மணல் நான்கு பங்கு. பதம் புட்டுக்குக் குழைத்த மா போல் இருக்கட்டும்: பிடித்தால் பிடியில் நிற்க வேண்டும், கையில் நீர் ஒட்டக் கூடாது. 12க்கு 10 அடி அறைக்கு 2 அங்குலக் கனத்தில் போட ஏறக்குறைய நாலரை மூட்டைச் சீமெந்தும் கால் கியூப் மணலும் தேவை. போடுமுன் பழைய கொங்கிரீட்டை நனைத்து, சீமெந்துப் பால் பூசிக்கொள்ளுங்கள்.

11. ஏழு நாள் நனையுங்கள், பிறகு உலரவிடுங்கள். தளம் போட்ட மறுநாளிலிருந்து ஈரச் சாக்கு விரித்து ஒரு வாரம் நனைவாக வைத்திருங்கள். பிறகு 28 நாள் நிறையும்வரை காற்றோட்டமாக உலர விடுங்கள். சீமெந்துத் தளம் உலரும்போது சுருங்கும். சுருங்கி முடியுமுன் பதித்தால், தளம் இழுக்கும், டைல்ஸ் இழுபடாது, இரண்டுக்கும் நடுவே ஒட்டு விட்டுப்போகும்.

12. சிவப்புத் தரைக்கு மேல் பதிக்க இரண்டு வேலை செய்யுங்கள். பழைய சிவப்புத் தரை கெட்டியாக இருந்தால் உடைக்கத் தேவையில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் பூசிய மெழுகுப் பொலிஷ் அதில் ஊறியிருக்கும். அதன்மேல் எதுவும் ஒட்டாது. முதலில் சோப்புத்தூள் கலந்த சுடுநீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு கிரைண்டரால் மேற்படையை உரசுங்கள் அல்லது இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு கொத்து விழும்படி உளியால் கொத்திவிடுங்கள். ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: தரை உறிஞ்சினால் தயார், உருண்டு நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது.

13. ஆறடிப் பலகையால் மட்டம் பாருங்கள். வளையாத 6 அடி அலுமினியப் பலகையை எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் பள்ளத்தை நிரப்புங்கள், மேட்டை உரசுங்கள். டைல்ஸ் பெரிதாகப் பெரிதாகத் தரை இன்னும் சமமாக இருக்க வேண்டும். பள்ளத்தைப் பசையால் சரிக்கட்டலாம் என்று விடாதீர்கள். கனமாக வைத்த பசை காயும்போது சுருங்கி டைல்ஸைக் கீழே இழுக்கும்.

14. கதவையும் குழாயையும் இப்போதே பாருங்கள். டைல்ஸும் பசையும் சேர்ந்து தரையை ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் உயர்த்தும். கதவின் அடியை அதற்கேற்பச் சீவ வேண்டும். வாசற்படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று மாறினால் வயதானவர்கள் இடறுவார்கள். தரைக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயை மூடுமுன் நீர் நிரப்பி ஒரு நாள் கசிவு பாருங்கள்.

டைல்ஸ் வாங்கும்போது

15. கணக்கைச் சென்டிமீட்டரில் போடுங்கள். "இரண்டுக்கு இரண்டு" என்று விற்கும் டைல்ஸ் உண்மையில் 60 சென்டிமீட்டர். இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. 120 சதுர அடி அறைக்கு 30 போதும் என்று தோன்றும், ஆனால் 31 வேண்டும். வெட்டுக்கும் உடைவுக்கும் பத்து விழுக்காடு கூட்டினால் 34. நான்கு கொண்ட பெட்டியானால் 9 பெட்டி. சாய்வாகப் பதிப்பதானால் 15 விழுக்காடு கூட்டுங்கள். மலையகத்தில் 7 பேர்ச் காணியில் கட்டிய 550 சதுர அடி வீடுகளைப் போன்ற சிறு வீடுகளில் அறைக்கறை தனித்தனியே அளந்து கணக்கிடுங்கள். சிற்றறைகளில் வெட்டு அதிகம்.

16. நீர் உறிஞ்சும் தன்மையைக் கேளுங்கள். சுவருக்கான டைல்ஸ் தரையில் தாங்காது. போர்சலின் டைல்ஸ் அதன் எடையில் அரை விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சாது. இதற்குக் காரணம் பெல்ட்ஸ்பார் என்னும் கனிமம்: சூளை வெப்பத்தில் அது உருகி, களிமண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. நம் மாவட்டத்து ஓவல, கைக்காவலைப் பகுதியில் வெட்டியெடுப்பதும் அதே கனிமம்தான். டைல்ஸின் பின்புறத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் ஈரமான இடத்துக்கு அது வேண்டாம்.

17. பளபளப்பைவிட வழுக்காமை முக்கியம். குளியலறை, பின்வாசல், திறந்த விறாந்தை ஆகியவற்றுக்குச் சொரசொரப்பான டைல்ஸ் எடுங்கள். பெட்டியில் ஆர் 10 அல்லது அதற்கு மேல் குறித்திருந்தால் நல்லது. மழைபடும் வெளிப்புறத்துக்கு ஆர் 11. கடையில் ஈரக்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பாட்டியும் பேரப்பிள்ளையும் நடக்கும் தரை என்பதை நினைவில் வையுங்கள்.

18. எல்லாப் பெட்டியிலும் ஒரே இலக்கம் இருக்கட்டும். பெட்டியின் ஓரத்தில் நிறக்குறியும் அளவுக்குறியும் அச்சிட்டிருக்கும். ஒரே பெயருள்ள டைல்ஸ்கூடச் சூளைக்குச் சூளை நிறம் மாறும், ஒரு மில்லிமீட்டர் அளவும் மாறும். இறக்கியதும் சரிபாருங்கள்; பதித்துவிட்டால் திருப்பி எடுக்கமாட்டார்கள். இரண்டிரண்டாக முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து, வளைவு உண்டா என்றும் பாருங்கள்.

பதிக்கும்போது

19. பசையில்லாமல் ஒருமுறை விரியுங்கள். அறையின் நடுவில் நூல் பிடித்து, 3 அடி, 4 அடி, குறுக்கே 5 அடி என அளந்து மூலைமட்டம் சரிபாருங்கள். பழைய வீட்டுச் சுவர்கள் நேராக இருப்பது அரிது. சுவரை நம்பிப் பதித்தால் கோடு கோணும். ஓரத்தில் மெல்லிய கீற்று வந்தால் நடுக்கோட்டைப் பாதி டைல்ஸ் அளவு நகர்த்துங்கள். வாசலில் கண்படும் இடத்தில் முழு டைல்ஸ் வரட்டும்.

20. போர்சலினுக்கு டைல் பசைதான். சீமெந்துப் பால் ஊற்றிப் பதிக்கும் பழைய முறை, நீர் உறிஞ்சும் டைல்ஸுக்கு ஏற்றது. அவற்றை ஊறவைத்துப் பதிப்பார்கள். போர்சலின் உறிஞ்சாததால் சீமெந்துப் பால் அதைப் பிடிக்காது. பையில் அடைத்து விற்கும் பசையையே வாங்குங்கள். 60 சென்டிமீட்டர் டைல்ஸுக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ; 120 சதுர அடிக்கு 55 முதல் 60 கிலோ. பசையில் பதிப்பதானால் டைல்ஸை ஊறவைக்காதீர்கள்; பின்புறத் தூசியை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள்.

21. அடியில் வெற்றிடம் விடாதீர்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் பசைக் கட்டி வைத்து அழுத்துவது வேகமான வழி, ஆனால் கட்டிகளுக்கு இடையே வெற்றிடம் விழும். கனமான பொருள் விழுந்தால் டைல்ஸ் அந்த வெற்றிடத்தில்தான் உடையும், தண்ணீரும் அங்கேதான் தேங்கும். 10 மில்லிமீட்டர் பல்லுள்ள சாந்தகப்பையால் ஒரே திசையில் வரி வரியாக இழுங்கள். டைல்ஸின் பின்புறமும் மெல்லியதாகப் பூசுங்கள். இடையிடையே ஒன்றைத் தூக்கிப் பாருங்கள்: பசை பின்புறத்தில் 80 விழுக்காடாவது, குளியலறையில் 95 விழுக்காடாவது ஒட்டியிருக்க வேண்டும். ஒருதடவைக்கு இரண்டு மூன்று டைல்ஸுக்கு மட்டும் பசை விரியுங்கள். மேலே தோல் கட்டிவிட்டால் சுரண்டி எறியுங்கள்.

22. இடைவெளி இல்லாமல் பதிக்காதீர்கள். சிலுவைத் துண்டு வைத்து 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். சுவரோரம் சுற்றிவர 6 மில்லிமீட்டருக்குக் குறையாத வெற்றிடம் வேண்டும். ஸ்கர்ட்டிங் அதை மறைக்கும், கிரவுட்டால் அடைக்க வேண்டாம். வெயிலில் தரை விரிவதற்கு இடமில்லாவிட்டால் நடுவில் டைல்ஸ் கூடாரமாக எழும்பும். வெயில்படும் விறாந்தையில் 10 அடிக்கு ஒன்றாக நெகிழும் சிலிக்கன் இணைப்பு விடுங்கள்.

23. குளியலறையில் நீரைக் கட்டிச் சோதியுங்கள். தரைத்துவாரத்தை நோக்கி 5 அடிக்கு முக்கால் அங்குலச் சரிவு வேண்டும். இந்தச் சரிவைத் தளத்திலேயே எடுங்கள். நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு தடவை, குறுக்கும் நெடுக்குமாக, சுவரில் 6 அங்குலம் வரையும், குளிக்கும் பக்கத்தில் தலைக்கு மேலும் பூசுங்கள். துவாரத்தை அடைத்து நீர் கட்டி, 24 மணி நேரம் விடுங்கள். கசிவில்லை என்று கண்ட பிறகே டைல்ஸ்.

24. உடம்பைக் காத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் வெட்டும் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி ஆறாத நோயைத் தரும். தண்ணீர் விட்டு வெட்டும் இயந்திரத்தை வெளியில் வைத்துப் பாவியுங்கள். துணி கட்டுவது போதாது, தூசி முகக்கவசம் வேண்டும். ஈரச் சீமெந்து தோலை அரிக்கும். கையுறையும் முழங்கால் பட்டையும் போடுங்கள். மின்கருவிகள் ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் மட்டும் ஓடட்டும். கையாளாக வந்தவருக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். முகக்கவசத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

பதித்த பின்

25. கிரவுட்டுக்கு ஒரு நாள் பொறுங்கள். 24 மணி நேரம் கழித்து, இடைவெளியிலுள்ள பசைத் துணுக்குகளைச் சுரண்டி எடுத்த பின், கிரவுட்டைச் சாய்வாக அழுத்தி நிரப்புங்கள். சற்று இறுகியதும் நன்றாகப் பிழிந்த ஸ்பொஞ்சால் துடையுங்கள். நீர் அதிகமானால் கிரவுட் வெளிறிப் பொடியாகும். மஞ்சளும் எண்ணெயும் சிந்தும் சமையலறைக்கு எபொக்சி கிரவுட் விலை கூடினாலும் கறை பிடிக்காது.

26. அலுமாரியை அவசரமாக உள்ளே தள்ளாதீர்கள். முதல் நாள் யாரும் நடக்கக் கூடாது. பாரமான சாமான்களை ஏழு நாள் கழித்து, பலகை விரித்துக் கொண்டுபோங்கள். இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

27. அசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். வேலை முடிந்ததும் வெண்படலம் போக அசிட் ஊற்றும் பழக்கம் உண்டு. அது கிரவுட்டை அரித்து, இடைவெளிகளைத் திறந்துவிடும். சுண்ணாம்புக்கல், மாபிள், பழைய சிப்ஸ் தரை ஆகியவற்றை அசிட் கண்ணெதிரே தின்றுவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, மென்மையான சோப்பு நீரால் கழுவினால் போதும். கேத்தலில் வெள்ளை படியும் வன்னீர்க் கிணறுள்ள வீடுகளில், துடைத்த தரையை உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் புள்ளி படியாது.

28. மிச்சத்தையும் விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு வகையிலும் நான்கைந்து டைல்ஸையாவது எடுத்து வையுங்கள். அதே நிறம் சில ஆண்டுகளில் கடையில் கிடைக்காது. பெட்டி இலக்கத்தையும் கிரவுட் நிறத்தையும் எழுதி வையுங்கள். தரையை மூடுமுன்பே குழாயும் வயரும் போகும் வழியைச் சுவரிலிருந்து அளந்து படம் பிடித்து வைத்திருங்கள். பத்தாண்டு கழித்துக் குழாய் கசிந்தால், தரை முழுவதையும் உடைக்காமல் ஒரே டைல்ஸைக் கழற்றிச் சரிசெய்ய அந்த ஒரு படம் போதும்.